முதலில் ஈரம் உலரட்டும்

இறை இரக்க ஞாயிறு மறையுரை



உயிர்ப்புப் பெருவிழா கொண்டாடி எட்டு நாள் ஆகிறது. இந்த நாள்களில் ஜெர்மனியின் கீழ் ரைன் பகுதியின் கிராமச் சாலைகளில் போனால், பண்ணைகளில் பெரிய களஞ்சியக் கதவுகள் திறந்து கிடப்பதைக் காணலாம். குளிர்காலம் முழுவதும் வாடகைக்கு உள்ளே நிறுத்திவைத்திருந்த கேரவன் வண்டிகளை வெளியே இழுக்கும் காலம் இது. பலருடைய வண்டிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே செல்லும் பருவ எண்பலகை. நம் குடும்பங்களிலும் சிலர் பழைய கேரவன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெதர்லாந்துக் கடற்கரைக்குப் போகிறீர்கள். லூர்து மாதாவிடம் போகிறீர்கள். ஆகஸ்டில் நம் தமிழ் மக்கள் எல்லோரும் கூடும் கெவலார் மாதா திருத்தலத்துக்கும் வருகிறீர்கள்.

வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்ததும் முதலில் செய்வது அதைச் சுற்றி ஒரு நடை. அப்போதுதான் கண்ணில் படும். பின்பக்க மூலையில் கேட்டுத் தூண் இடித்த ஒடுக்கு. பக்கவாட்டில் சைக்கிள் கைப்பிடி குத்திய குழி. மேலே ஆலங்கட்டி மழை விட்டுப்போன சின்னச் சின்னப் பள்ளங்கள். பட்டறையில் கேட்டால் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும் என்பார்கள். அந்தச் செலவு தாங்காது. எனவே பட்டியும் உப்புத்தாளும் வாங்கிவந்து நீங்களே வேலையில் இறங்குகிறீர்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம் காயங்களைக் காட்டுகிறார் அல்லவா? அவற்றின் அருகில் நம்முடைய சிறு காயங்களையும் கொண்டுபோய் வைப்போம்.

முதலில் அந்த வண்டி பிறந்த கதையைச் சொல்கிறேன். தென் ஜெர்மனியில் இஸ்னி என்ற சிற்றூர். அங்கே சாட்டையும் பனிச்சறுக்குக் கழியும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வணிகத்துக்காக நாள்கணக்கில் ஊர் ஊராகப் போக வேண்டியவர். அவர் மணக்கவிருந்த ஃப்ரிடெல் ஓர் ஓவியர். அந்தப் பிரிவு அவருக்குப் பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்தே போக வேண்டும், வழியில் தாம் படம் வரையவும் வேண்டும் என்று கேட்டார். 1931இல் டெத்லெஃப்ஸ் தம் கையாலேயே சக்கரம் வைத்த ஒரு சிறு வீட்டைக் கட்டினார். ஜெர்மனியின் முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் பிரிந்திருக்கக் கூடாது என்ற ஆசையிலிருந்து பிறந்த வண்டி அது. கணவர் இங்கும் மனைவி யாழ்ப்பாணத்திலுமாக விசாவுக்குக் காத்துக் கிடந்தவர்கள் இந்த ஆலயத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அந்த ஆசை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காத்திருந்து, கடன் வாங்கி, ஒருவழியாக ஒன்றாய்ச் சேர்ந்தோம். சேர்ந்த பிறகு ஒரே வீட்டுக்குள் இடித்துக்கொள்கிறோம். பெரிய விபத்து ஒன்றுமில்லை. சமையலறையில் ஒரு சொல். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஒரு பெருமூச்சு. கலியாண மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்ட ஒரு வார்த்தை. இவையெல்லாம் ஒடுக்குகள். வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் அருகில் போய்ப் பார்ப்பவருக்குத் தெரியும்.

காரில் ஒடுக்கு விழுந்தால் உள்ளேயிருந்து தட்டி எடுப்பார்கள். கேரவனில் அது முடியாது. அதன் சுவர் பெரும்பாலும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கனம். வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் நுரைப்பலகையும் மரச்சட்டமும், உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை. எல்லாம் ஒன்றோடொன்று பசையால் ஒட்டியிருக்கும். பின்னாலிருந்து தட்ட வழியே இல்லை. சரி, முன்னாலிருந்து பசை வைத்து இழுத்துப் பார்ப்போம் என்று வேகமாக இழுத்தால், தகடு நுரையைவிட்டுக் கழன்று வந்துவிடும். பள்ளம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கொப்புளம். அடி வாங்கிய அலுமினியம் அந்த இடத்தில் நீண்டும் போயிருக்கும். பழைய அளவுக்கு அது தானாகத் திரும்புவதில்லை.

சகோதரரே, சகோதரிகளே, நம் வீட்டில் யாரையாவது இப்படிப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோமா? "நீ முன்பு இப்படி இருக்கவில்லையே, பழையபடி மாறு" என்று மனைவியிடம் கேட்கிறோம். பதினாறு வயது மகனிடம் கேட்கிறோம். போரையும் முகாமையும் பார்த்து வந்த அண்ணனிடமும் அதையே கேட்கிறோம். அடி விழுந்த இடத்தில் மனிதரும் நீண்டுதான் போயிருப்பார்கள். வலிந்து இழுத்தால் உள்ளே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதும் கழன்றுவிடும். ஆண்டவர் உயிர்த்த அன்று மாலை தம் சீடர்களிடம் எப்படி வந்தார் என்று பாருங்கள். மூன்று நாளுக்கு முன் அவரைத் தனியே விட்டு ஓடியவர்கள் அவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதவை உடைக்கவில்லை. ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. நடுவில் வந்து நின்று, முதலில் அமைதியை வாழ்த்தாகத் தந்தார். அவர்கள் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையிலேயே அவர்களை அடைந்தார். இன்று உங்கள் வீட்டுக்கும் அப்படியே வருகிறார்.

இனி இந்த வேலையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒடுக்கைக் கண்டதும் பட்டி டப்பாவைத் திறக்கக் கூடாது. முதலில் அந்த இடத்தைக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். தகடு வெறுமனே உள்வாங்கியிருக்கிறதா, அல்லது முடியளவு கீறல் விட்டிருக்கிறதா? கீறல் இருந்தால் அதன் வழியே மழைநீர் நுழைந்திருக்கும். வண்டிக்குள் போய் அதே இடத்தில் சுவரை அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்குகிறதா? பூஞ்சை வாடை வருகிறதா? ஈரமானி என்று ஒரு சிறு கருவி விற்கிறார்கள், அதை வைத்துப் பார்க்கலாம். 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் எங்கிருந்தோ நீர் வருகிறது, வழியைத் தேட வேண்டும். 30ஐத் தாண்டினால் உள்ளேயிருக்கும் மரச்சட்டம் கெட்டிருக்கக் கூடும். பல வேளைகளில் நீர் ஒடுக்கின் வழியாகவே வந்திருக்காது. மேலே கூடாரத் துணியை மாட்டும் தண்டவாளத்தின் பழைய அடைப்புப் பசை காய்ந்து வெடித்திருக்கும். அங்கே நுழைந்த நீர் சுவருக்குள் இறங்கி, ஒரு மீட்டர் தள்ளி வந்து முகம் காட்டும்.

ஈரம் இருக்கும்போதே மேலே பட்டி பூசி, வண்ணம் அடித்தால் என்ன ஆகும்? வெளியே அழகாக இருக்கும். நீர் உள்ளே சிறைப்பட்டுவிடும். மரம் இருட்டில் மெல்ல மெல்ல உளுக்கும். இரண்டு குளிர்காலம் கழித்துச் சுவரே கையோடு வரும். எனவே ஈரமுள்ள சுவரைத் திறந்துவைக்க வேண்டும். காற்றாட விட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்த முடியாது.

அன்பானவர்களே, எத்தனை சமாதானங்களை நாம் ஈரத்தின் மேல் பூசியிருக்கிறோம்! சீட்டுக் காசில் வந்த பிணக்கு ஒன்று. பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி, கை கொடுக்கவைத்து, ஒன்றாகச் சாப்பிடவும் வைத்தார்கள். படமும் எடுத்தார்கள். ஆனால் காசை இழந்தவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கொடுக்க முடியாமற்போனவர் எந்த வெட்கத்தில் ஒளிந்திருந்தார் என்பதையும் கேட்கவில்லை. இப்போது இருவரும் ஆலயத்தில் வணக்கம் சொல்கிறார்கள், கண்ணைப் பார்ப்பதில்லை. இன்னொரு வீட்டில் தகப்பன் இறந்தபோது ஊருக்குப் போக முடியாமற்போன துயரம். அதை யாரிடமும் அழுது தீர்க்காமல் இருபது வருடமாக மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் எரிந்து விழுகிறார். நீர் நுழைந்தது வேறிடம். ஒடுக்கு தெரிவது வேறிடம்.

என் வீட்டில் எந்தச் சுவர் மெத்தென்று அமுங்குகிறது? "அதெல்லாம் முடிந்த கதை" என்று நான் சொல்லும் எந்தக் கதை உண்மையில் முடியவில்லை?

பயப்படாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கவைப்பதே இரக்கம்தான். ஆண்டவர் உயிர்த்ததை நம்ப முடியாத சீடர் தோமா தம் ஐயத்தை மறைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து அல்லேலூயா பாடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று தம் உள்ளத்தில் இருந்ததை அப்படியே வெளியே வைத்தார். ஒரு வாரம் அது வெளியிலேயே கிடந்தது. மற்றச் சீடர்கள் அவரைத் தள்ளிவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எட்டாம் நாள் அவரும் அவர்களோடுதான் இருந்தார். ஆண்டவர் வந்து, நீ கேட்டதை இதோ தொட்டுப் பார் என்றார். நம் உள்ளத்தின் ஈரத்தைக் கண்டு ஆண்டவர் முகம் சுளிப்பதில்லை. உலரும்வரை கூட இருக்க அவருக்கு நேரம் உண்டு.

ஈரம் உலர்ந்த பிறகு வேலை தொடங்குகிறது. ஒடுக்கைவிடச் சற்றே பெரிய வட்டத்தில் பழைய வண்ணத்தை 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறார்கள். வெறும் அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய படலத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். எனவே தாமதிக்காமல் எபோக்சி பிரைமர் பூசி, அது இறுகியதும் லேசாகத் தேய்த்து, அதன் மேல் பட்டி வைப்பது நல்லது. அமிலம் கலந்த பிரைமர் மேல் பாலியஸ்டர் பட்டி சரியாக இறுகாது. பட்டியோடு ஹார்ட்னர் கலக்க வேண்டும், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். குறைந்தால் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று கூட்டிவிட்டால் கலக்கும் தட்டிலேயே கல்லாகிவிடும். சுவரில் பிடித்தாலும், பின்னொரு நாள் வெள்ளை வண்ணத்தின் மேல் மஞ்சள் கறையாக எழும்பிவரும். பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பவும் கூடாது. மெல்லிய பூச்சு, அது இறுகியதும் தேய்த்தல், மறுபடி மெல்லிய பூச்சு. பட்டியின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தூசி நெஞ்சில் தங்கும். ஆகவே முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

வீட்டிலும் ஹார்ட்னர்போலக் கண்டிப்பு வேண்டும். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் உறுதியாக வளராது. ஆனால் எவ்வளவு? மகள் இரவு தாமதமாக வந்தாள் என்பதற்காக அவளுடைய தோழிகளையும் உடையையும் மொழியையும் சேர்த்துத் திட்டிய தகப்பனுக்கு அன்றைக்கு வேலை முடிந்ததுபோல் இருந்திருக்கும். அந்தச் சொற்கள் அவளுடைய முப்பதாவது வயதில் மேலே எழும்பி வருகின்றன. ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய பூச்சு போதும். கூட உட்கார்ந்து ஒரு தேநீர். ஒரு கேள்வி. பதில் வராவிட்டாலும் நாளைக்கும் ஒரு கேள்வி. ஆண்டவர் நம்மை அப்படித்தான் சரிசெய்துவருகிறார். ஒவ்வொரு ஞாயிறும் சிறிது வார்த்தை, சிறிது அப்பம். ஒரே நாளில் நம்மை நிமிர்த்திவிட அவர் முயன்றிருந்தால் நம்மில் எவர் தாங்கியிருப்பார்?

தேய்க்கும்போது விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளேயே போய்வரும். சமமாகிவிட்டதுபோல் இருக்கும், ஆகியிருக்காது. அதனால் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள். மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது பக்கவாட்டில் நின்று பார்ப்பார்கள். நண்பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அப்போது தெரியும். நாள் முடிவில் படுக்கைக்கு முன் ஐந்து நிமிடம், அன்றைய நாளை ஆண்டவரின் ஒளியில் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இன்றிரவே தொடங்குங்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில சுவர்களில் தழும்பு நிற்கும். பல கேரவன்களின் தகடு வழவழப்பாக இருக்காது. சுத்தியலால் தட்டியதுபோல் சிறு சிறு புள்ளிப் புடைப்புகளோடு வரும். அந்தப் புடைப்பைப் பட்டியில் அச்சு அசலாகக் கொண்டுவருவது மிகக் கடினம். வெயிலில் பழுத்துப்போன பழைய வெள்ளையோடு புது வெள்ளையும் ஒட்டாது. நெருங்கிப் பார்த்தால் இங்கே ஒரு நாள் அடி விழுந்தது என்று தெரியத்தான் செய்யும். ஆனால் நீர் உள்ளே போகாது. மழையில் நிற்கலாம், நெடுஞ்சாலையில் போகலாம், பிள்ளைகள் உள்ளே உலர்ந்த போர்வையில் தூங்கலாம்.

மன்னித்துவிட்டேன், ஆனாலும் நினைவு வருகிறதே, அப்படியானால் என் மன்னிப்பு பொய்யா என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. தாய்மார்கள் அதிகம் கேட்கிறீர்கள். பொய் இல்லை, அம்மா. உயிர்த்த ஆண்டவரின் உடலைப் பாருங்கள். சாவையே வென்றவருக்கு ஐந்து காயத் தழும்புகளை அழிப்பது பெரிய காரியமா? அவற்றை அவர் வைத்துக்கொண்டார். சீடர்கள் அவரை அடையாளம் கண்டு மகிழ்ந்தது அவற்றைக் கொண்டுதான். தோமாவின் வாயிலிருந்து அந்தப் பெரிய விசுவாச அறிக்கை பிறந்ததும் அவற்றின் முன்னால்தான். உங்கள் நினைவில் நிற்கும் தழும்பு உங்கள் மன்னிப்புக்கு எதிர்ச்சாட்சி ஆகாது. அதன் வழியே இனிக் கசப்பு உள்ளே இறங்கவில்லையா? அது போதும். அதற்காக நன்றி சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிடக் கூடாது. எல்லா ஒடுக்கையும் எடுக்கத் தேவையில்லை. ஆலங்கட்டி விழுந்த பள்ளங்களில் கீறல் இல்லையென்றால் அவற்றால் வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. 1984 ஜூலை 12 அன்று மியூனிக்கில் பெய்த ஆலங்கட்டி மழையை இந்நாட்டு முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். அவ்வளவு சேதம். அதைப் போன்ற மழையில் குழிவிழுந்த கூரையோடு எத்தனையோ வண்டிகள் ஆண்டுக்கணக்கில் நனையாமல் ஓடுகின்றன. அனுபவமுள்ளவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பார்கள். தேவையில்லாமல் தேய்த்தால் நல்ல வண்ணம்தான் போகும். நம்மிடையே மிக மென்மையான மனச்சாட்சி உள்ளவர்கள் இருக்கிறீர்கள். செபத்தில் கவனம் சிதறியது, உண்ணா நோன்பன்று தேநீரில் சீனி போட்டது என்று இரவெல்லாம் உங்களையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். போதும், கையை எடுங்கள். உங்களைப் படைத்தவர் உங்களை அன்போடு பார்க்கிறார். மருமகள் கோபமாகப் பேசினாள், மாமி வாழ்த்தவில்லை என்று பிறருடைய சிறு குறைகளைக் கணக்கெடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கீறல் இல்லாத பள்ளத்தை விட்டுவிடுங்கள்.

இத்தகைய இரக்கத்தைக் கொண்டாடும் நாள் இது. அருட்சகோதரி ஃபவுஸ்தினாவை 2000 ஏப்ரல் 30 அன்று புனிதராக உயர்த்திய வேளையில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்த ஞாயிறை இறை இரக்கத்துக்கு உரியதாக்கினார். அதே திருத்தந்தை 1987இல் நம் கெவலாருக்கும் வந்து மாதாவின் முன் நின்றார். அந்த மாதாவின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். உள்ளங்கையளவு தாளில் அச்சிட்ட எளிய படம். ஊர் ஊராகப் பொருள் சுமந்து விற்ற ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஏழை வணிகர், வழியில் ஒரு சிலுவையின் முன் செபித்தபோது, இங்கே எனக்கொரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டார். 1642இல் அது நிறைவேறியது. துயருற்றோருக்குத் தேற்றரவான தாய், சாலையில் போகிறவர் ஒருவரைத் தேடித்தான் வந்தாள். நாமும் சாலையில் வந்தவர்கள். ஆகஸ்டில் அவளிடம் போகும்போது புதுச்சேலையும் நேர்ச்சை மெழுகுதிரியும் மட்டும் போதாது. பேசாமல் இருக்கும் ஓர் உறவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால்தான் ஆகஸ்டுக்குள் உலரும். இந்த வாரம் ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். சமாதானம் பேச வேண்டாம். "அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள்.

திருப்பலி முடிந்ததும் பக்கத்துச் சிற்றாலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் போகும்வரை இருப்பேன், அவசரம் இல்லை. பல ஆண்டுகளாக வராதவர்கள் செபங்கள் மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், நான் முன்னே சொல்லித் தருகிறேன். இளையோரே, மனத்தில் இருப்பதைத் தமிழில் சொல்ல வரவில்லையென்றால் ஜெர்மன் மொழியிலேயே சொல்லுங்கள். அழுகை மட்டும்தான் வருகிறது என்றாலும் வாருங்கள். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.